ஒரு சென்ட் நிலத்தின் கணக்கு

மனை வாங்கிய எவரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்: ஒரு சென்ட் என்றால் 435.6 சதுர அடி, ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. மண் அரிப்பு அறிவியலும் இதே எண்ணில்தான் பிறந்தது. 1930-களில் அமெரிக்க அரசின் மண் ஆய்வு நிலையங்கள் சரிவான வயல்களில் பாத்தி கட்டி, மழையில் கரைந்து ஓடும் மண்ணை எடைபோடத் தொடங்கின. பாத்தியின் அகலம் 6 அடி, நீளம் 72.6 அடி. பெருக்கிப் பாருங்கள், 435.6 வரும். பாத்தியின் அடிவாரத்தில் ஒரு தொட்டி இருக்கும். மழை ஓய்ந்ததும் தொட்டியில் இறங்கிய சேற்றை உலர்த்தி எடைபோட்டு, நூறால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு கையில் வந்துவிடும். அந்த வசதிக்காக வைத்த அளவு அது. கால்குலேட்டர் இல்லாத காலத்துச் சாமர்த்தியம்.

ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க நானும் சென்ட்டிலேயே கணக்குச் சொல்கிறேன். எடைக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டையை வைத்துக்கொள்வோம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் எல்லோருக்கும் புரியும் அளவு இவை இரண்டும்தான்.

அந்தப் பாத்திகளுக்கு நிதி கிடைத்த கதைக்குப் பின்னால் ஹ்யூ ஹாமண்ட் பென்னட் என்ற மண் ஆய்வாளர் இருக்கிறார். மண் அரிப்பு நாட்டையே தின்றுகொண்டிருக்கிறது என்று விடாமல் வாதாடி, 1929-ல் நாடாளுமன்றத்திடம் பணம் வாங்கினார். பருத்தி போட்ட பாத்தி, மக்காச்சோளம் போட்ட பாத்தி, புல் வளர்த்த பாத்தி, ஒன்றுமே போடாமல் உழுது வெறுமனே விட்ட பாத்தி என்று நாடு முழுக்க அளவுகள் குவிந்தன. குவிந்தவை குவிந்தபடியே கிடந்தன. 1954-ல் அவற்றையெல்லாம் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஓரிடத்தில் சேர்த்தார்கள். வால்ட்டர் விஷ்மெயர் என்ற புள்ளியியலாளரும் ட்வைட் ஸ்மித் என்ற பொறியாளரும் அந்தக் குவியலுக்குள் இறங்கினார்கள். ஒரு பாத்தியில் ஓராண்டு எடுத்த அளவை ஒன்று என்று வைத்தால், அப்படிப் பத்தாயிரத்துக்கும் மேல் இருந்தன. 1965-ல் அவர்கள் வெளியிட்ட கைநூலில் இருந்த சூத்திரம், ஐந்து எண்களை ஒன்றோடொன்று பெருக்கு என்கிறது, அவ்வளவுதான். மழை, மண், சரிவு, மூடாக்கு, தடுப்பு. விடை, ஆண்டுக்குச் சராசரியாகப் போகும் மண்.

இதில் மழை எண்ணின் கதை எனக்கு மிகப் பிடிக்கும். மழை மண்ணை எப்படிப் பெயர்க்கிறது என்று தெரிய, துளியின் பருமன் தெரிய வேண்டும். விழுந்த நொடியில் சிதறிவிடும் துளியை எப்படி அளப்பது? பனித்துகள்களைப் படம் எடுத்துப் புகழ்பெற்ற வெர்மான்ட் மாநில விவசாயி வில்சன் பென்ட்லி வழி கண்டுபிடித்தார். ஒரு தட்டில் மாவைத் தளர்வாகப் பரப்பி, மழையில் சில நொடி நீட்டுவார். ஒவ்வொரு துளியும் மாவில் விழுந்து ஒரு உருண்டையாகத் திரளும். காய்ந்த உருண்டைகளை எடுத்து அளந்தால் துளியின் அளவு தெரிந்துவிடும். 1904-ல் அவர் இதை எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து, லாஸ், பார்சன்ஸ் என்ற இருவர் அதே மாவுத் தட்டை எடுத்துக்கொண்டு, மழை வலுக்க வலுக்கத் துளி எப்படிப் பருக்கிறது என்று அட்டவணை போட்டார்கள். விஷ்மெயரும் ஸ்மித்தும் மழையின் ஆற்றலைக் கணக்கிட்டது அந்த அட்டவணையிலிருந்துதான்.

5 மி.மீ. குறுக்களவுள்ள துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. மணிக்கு 32 கிலோமீட்டர். டவுனுக்குள் பைக் போகும் வேகம். ஒரு நல்ல மழையில் 50 மி.மீ. பெய்தால், ஒரு சென்ட்டின் மேல் இரண்டு டன் தண்ணீர் விழுகிறது. வெறும் மண்ணில் ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி வெடி. மண்கட்டி உடைந்து, துகள்கள் இரண்டடி உயரம்வரை தெறிக்கின்றன. மழைக்குப் பிறகு வீட்டின் வெள்ளைச் சுவரில் கீழே இரண்டடிக்குச் செம்மண் பூச்சு ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சுவருக்கு நேர்ந்த அழுக்கு என்று நினைத்துத் துடைக்கிறோம். உண்மையில் அது அரிப்பின் முதல் கட்டம், முழங்கால் மட்டத்தில் எழுதப்பட்ட பதிவு. ஓடும் தண்ணீர் பிறகுதான் வருகிறது, ஏற்கெனவே பெயர்ந்து கிடப்பதை அள்ளிக்கொண்டு போக.

அதனால் சூத்திரத்தின் மழை எண், எத்தனை மி.மீ. பெய்தது என்று மட்டும் கேட்பதில்லை. மழையின் மொத்த ஆற்றலை, அதில் மிகக் கடுமையாகப் பெய்த அரைமணி நேரத்தின் வேகத்தோடு பெருக்குகிறது. நாள் முழுக்கத் தூறிய 50 மி.மீ. மழைக்கும் ஒரு மணி நேரத்தில் கொட்டிய 50 மி.மீ. மழைக்கும் மழைமானியில் வேறுபாடு தெரியாது. மண்ணுக்குத் தெரியும்.

இவ்வளவும் விவசாயிகளுக்காகப் போட்ட கணக்கு. கட்டட மனைக்குள் அது நுழையக் காரணமானவர்களில் ஒருவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கார்டன் வோல்மன். 1960-களில் பால்டிமோர், வாஷிங்டன் நகரங்களைச் சுற்றிப் புறநகர் வீடுகள் மளமளவென்று எழுந்துகொண்டிருந்தன. ஓடைகள் எல்லாம் காப்பித் தண்ணீராக ஓடின. வோல்மனும் ஆஷர் ஷிக்கும் ஓடைகளில் சேறு எவ்வளவு போகிறது என்று அளந்து 1967-ல் வெளியிட்டார்கள். விவசாய நிலமாக இருந்தபோது சதுர மைலுக்கு ஆண்டுக்குச் சில நூறு டன். கட்டுமானம் நடக்கும்போது ஆயிரக்கணக்கில். உச்சத்தில் ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். நம் கணக்கில், சென்ட்டுக்கு 7 கிலோ போன இடத்தில் 1,400 கிலோ. விவசாயி பல தலைமுறையில் இழப்பதைக் கட்டுமானக்காரர் ஒரே வருடத்தில் ஓடைக்கு அனுப்பிவிடுகிறார்.

வோல்மன் அதே ஆண்டு இன்னொரு கட்டுரையில் ஒரு வரைபடம் போட்டார். காடு, வயல், கட்டுமானம், நகரம் என்று காலம் நகர்கிறது. கோடு காட்டில் தரையோடு தவழ்ந்து, வயலில் மேடேறி, கட்டுமானத்தில் பனைமரம்போல் நெட்டுக்குத்தாக எழுந்து, நகரமானதும் பொத்தென்று விழுகிறது. தார் ரோடும் கான்கிரீட்டும் போட்ட பிறகு அரிக்க மண் ஏது? கட்டட அரிப்பை யாரும் பெரிதாக நினைக்காததற்கு அந்தப் பனைமரத்தின் ஒல்லிதான் காரணம். ஆறு மாதம், ஒரு வருடம். பிறகு புதுமனை புகுவிழா, பால் காய்ச்சுதல். ஓடைக்குள் போன சேறு மட்டும் அங்கேயே இருக்கிறது. மேரிலாந்து மாநிலம் 1970-ல் கட்டுமானச் சேற்றைத் தடுக்க மாநிலம் தழுவிய சட்டம் கொண்டுவந்தது.

சரி, ஒரு மனையில் ஆபத்து எவ்வளவு என்று வேலை தொடங்கும் முன்பே எப்படிக் கணிப்பது? ஒரு கற்பனை மனையை எடுத்துக்கொள்வோம். அந்த ஊர் மழையும் அந்த மண்ணும் சேர்ந்தால், வெறுமனே விட்ட பாத்தியிலிருந்து ஆண்டுக்கு சென்ட்டுக்கு 160 கிலோ போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் அதிகம். பாத்தி என்றால் நூறடிக்கு ஒன்பது அடி இறங்கும் சரிவு. அதுதான் சூத்திரத்தின் அளவுகோல். இப்போது மண் வெட்டும் இயந்திரம் வந்து, சாலைக்காகவோ தளத்துக்காகவோ, இரண்டடிக்கு ஓரடி இறங்கும் செங்குத்தான சரிவை வெட்டுகிறது. 1978-ம் ஆண்டுக் கைநூலின்படி சரிவு எண் 15 மடங்காகும், சென்ட்டுக்கு 2,400 கிலோ.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் 15 மடங்கு அளந்து கண்ட எண் அல்ல. பாத்திகளில் பெரும்பாலானவை விவசாயச் சரிவுகள், உழக்கூடிய நிலம். செங்குத்துச் சரிவுக்கு அதே வளைகோட்டை அப்படியே நீட்டிப் போட்டிருந்தார்கள். பிறகு செங்குத்துச் சரிவுகளில் அளந்து பார்த்தபோது வளைகோடு அவ்வளவு ஏறவில்லை. 1997-ல் வந்த திருத்திய கைநூலில் அதே சரிவுக்கு 7 மடங்குதான். 2,400 கிலோ 1,120 கிலோவாகிவிட்டது. பாதிக்கும் கீழே. எந்தப் பதிப்பின் சூத்திரம் என்று சொல்லாமல் அறிக்கையில் டன் கணக்கு எழுதுகிறவர்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அளந்த இடத்தில் சூத்திரம் நல்ல வேலைக்காரன். அளக்காத இடத்துக்கு அழைத்துப் போனால் கதை விடும்.

சரிவின் நீளம் அவ்வளவு கொடியது இல்லை. நீளம் இரட்டித்தால் சென்ட்டுக்குப் போகும் மண் 1.4 மடங்குதான் ஆகும். ஆனால் நடுவில் ஒரு படிக்கட்டு வெட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் 1,120 கிலோ 790 ஆகிறது. மலைத்தோட்டக்காரர்கள் கல்லடுக்கிச் செய்வது இதைத்தான்.

பெரிய ஆட்டம் மூடாக்கில் நடக்கிறது. நம் மனையின் சாதாரணச் சரிவுப் பகுதியில், ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோலைப் பரப்பிவிடுங்கள். சென்ட்டுக்கு 18 கிலோ. ஒரு பசுமாடு மூன்று நாளில் தின்னும் வைக்கோல். மூடாக்கு எண் ஒன்றிலிருந்து 0.06-க்கு இறங்குகிறது. 160 கிலோ 10 கிலோவாகிறது. துளி வைக்கோலில் மோதி மெதுவாக வடிகிறது, மண் வெடிக்கவில்லை. விஷயம் அத்தோடு முடிந்தது. செங்குத்துச் சரிவில் வைக்கோல் வழுக்கிக்கொண்டு போகும் என்பதால் அங்கே தேங்காய் நார்க்கயிற்று வலை. நம் பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாக நார் கிடக்கிறது. இந்தியத் தரநிர்ணய அமைப்பு இந்த வலைக்குக் ‘கயர் பூவஸ்திரா’ என்று பெயர் வைத்திருக்கிறது, மண்ணுக்குக் கட்டும் துணி. பெயர் வைத்தவருக்கு அரிப்பு புரிந்திருக்கிறது.

கலிஃபோர்னியாவில் 2009-ல் வந்த கட்டுமான அனுமதி விதி, ஒரு ஏக்கர் அல்லது அதற்கு மேல் நிலத்தைக் கிளறும் எவரும் இந்தக் கணக்கை முதலில் போட்டாக வேண்டும் என்றது. அதில் எனக்குப் பிடித்த அம்சம், மூடாக்கு எண்ணையும் தடுப்பு எண்ணையும் ஒன்று என்றே வைக்கச் சொன்னது. அதாவது நீ ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன போகும்? வைக்கோல் போடுவேன், வலை விரிப்பேன் என்ற வாக்குறுதிகளைக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. விடை சென்ட்டுக்கு 136 கிலோவுக்குக் கீழே வந்தால் ஆபத்து குறைவு. 680 கிலோவைத் தொட்டால் அதிகம். இடையில் இருந்தால் நடுத்தரம். 136 கிலோ என்பது மூன்று மூட்டைகூட இல்லை. நிலம் முழுக்க இரண்டரை மி.மீ. தடிமன். 680 கிலோ என்றாலும் 13 மி.மீ.தான், ஒரு சுண்டுவிரல் கனம். நிலத்தைப் பார்த்துக் கண்ணால் சொல்லவே முடியாது. ‘எங்க சார் மண் போயிருக்கு? அப்படியேதான இருக்கு’ என்று மேஸ்திரி கேட்டால் அவர் பொய் சொல்லவில்லை.

அதோடு விதி நிற்கவில்லை. தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்றும் கேட்கிறது. ஏற்கெனவே சேற்றால் கெட்டுப்போன ஆறா, மீன்கள் ஏறிவந்து முட்டையிடும் குளிர்ந்த ஓடையா? அப்படியென்றால் அந்தப் பக்கமும் ஆபத்து அதிகம். இரண்டு விடைகளையும் ஒரு கட்டத்தில் பொருத்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று மனைக்கு நிலை போடுகிறார்கள். ஒரே அளவு மண் ஒரு மனையிலிருந்து போகலாம், இன்னொன்றிலிருந்து போகக் கூடாது என்பதே இதன் பொருள். மேல்நிலை மனைகளில் மழை நாளில் வெளியேறும் தண்ணீரை எடுத்துக் கலங்கலை அளக்க வேண்டும். 250 அலகு தாண்டினால் என்ன தவறு என்று தேடிச் சரிசெய்ய வேண்டும். நம் நாட்டில் குடிநீருக்கு ஏற்கத்தக்க கலங்கல் 1 அலகு, வேறு வழியில்லாவிட்டால் 5.

மண் எண்ணைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுக்கு நாலு மனை தள்ளி வானம் தோண்டிக்கொண்டிருந்தபோது, ஆறடி ஆழத்திலிருந்து வந்த மண்ணில் ஒரு கைப்பிடி அள்ளிவந்தேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி ஜன்னல் திட்டில் வைத்தேன். கால் நிமிடத்தில் மணல் அடியில் உட்கார்ந்தது. அரைமணி நேரத்தில் அதன் மேல் பழுப்பாக இன்னொரு அடுக்கு, வண்டல். அதற்கு மேலே இருந்த டீத்தண்ணீர் மட்டும் மறுநாளும் டீத்தண்ணீராகவே இருந்தது. அது களி.

1851-ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் எழுதிவைத்த விதிதான் பாட்டிலுக்குள் நடக்கிறது. துகளின் பருமன் பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகும். ஒரு மீட்டர் ஆழத் தொட்டியில் 0.1 மி.மீ. மணல் இரண்டு நிமிடத்தில் அடிக்குப் போகும். 0.01 மி.மீ. வண்டலுக்கு மூன்று மணி நேரம். 0.001 மி.மீ. களிக்கு 13 நாள், அதுவும் தொட்டித் தண்ணீர் ஆடாமல் அசையாமல் இருந்தால். மழைக்காலத்தில் 13 நாள் தண்ணீரைப் பிடித்துவைக்க எந்த மனையில் இடம் இருக்கிறது? ஓடிவந்த சேற்றைக் கடைசியில் தொட்டி கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்ற யோசனை களியிடம் எடுபடாது.

எளிதில் பெயர்வது வண்டலும் மிக நுண்ணிய மணலும். மணல் கனம், களி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடுவிலிருக்கும் வண்டலுக்கு இரண்டு குணமும் இல்லை. ஆனால் களியிலும் ஒரு துரோகி உண்டு. திருச்சிப் பக்கம் விவசாயிகள் களர் என்று சொல்லும் சோடியம் மிகுந்த மண். அதன் ஒரு சிறு கட்டியை உப்பில்லாத தண்ணீரில் மெதுவாக இறக்கிவிட்டு, கலக்காமல் பாருங்கள். தானாகவே கட்டியைச் சுற்றிப் பால்போல் ஒரு வளையம் படரும். எமர்சன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 1967-ல் இதை ஒரு சோதனையாகவே வகுத்தார். பால் படர்ந்தால் அந்த மண்ணில் தண்ணீர் ஓட வேண்டியதில்லை, நின்றாலே கரையும். ஒரு டம்ளரும் பத்து நிமிடமும் போதும் என்றாலும், வீடு கட்டும் முன் இதைச் செய்தவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

பாட்டில் விவகாரத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் பொறுமை போய், ஒரு சிட்டிகை படிகாரத்தைத் தூள் பண்ணிப் போட்டுக் கலக்கினேன். கொஞ்ச நேரத்தில் டீத்தண்ணீருக்குள் பொரிப்பொரியாகத் திரண்டு, இறங்கி, மேல் தண்ணீர் தெளிந்துவிட்டது. களித்துகள்கள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. படிகாரத்தின் அலுமினியம் அந்தப் பகையைத் தீர்த்துவைக்கிறது. கிணற்றுத் தண்ணீரைத் தெளியவைக்கப் பானையில் தேத்தாங்கொட்டை உரசிய நம் பாட்டிமாருக்கு இந்த வித்தை பழசு. மேலைநாட்டு மனைகளில் இதே வேலைக்கு இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைப் பயன்படுத்துகிறார்கள்.

சூத்திரத்தால் சொல்ல முடியாதவையும் உண்டு. அது தருவது பல ஆண்டுச் சராசரி. நாளை இரவு வரும் மழையைப் பற்றி அதற்குத் தெரியாது. பரவலாக ஓடும் தண்ணீரும் விரல் பருமன் ஓடைகளும் மட்டுமே அதன் கணக்கில் வரும். மேட்டுப்பக்கத்து மனையிலிருந்து மொத்தத் தண்ணீரும் ஒரு மூலை வழியாக உள்ளே பாய்ந்து வாய்க்கால் வெட்டிவிட்டால், ஐந்து எண்களும் விழிக்கும். நான் பார்த்த பெரிய சேதங்கள் எல்லாம் இப்படி வெளியிலிருந்து வந்த தண்ணீரால் நேர்ந்தவை. மனையை மட்டும் பார்க்காமல் மேட்டுப்பக்கம் ஐம்பது அடி நடந்து பார்க்க வேண்டும்.

காலம் என்னும் ஒன்றையும் நாம் வீணடிக்கிறோம். மழை எண்ணை மாதம் மாதமாகப் பிரிக்கலாம். வருடத்து மழை ஆற்றலில் இருபதில் ஒரு பங்குதான் விழும் மூன்று மாதத்துக்குள் மண்வேலை முடிந்துவிட்டால், 160 கிலோ 8 கிலோ ஆகிறது. வைக்கோல்கூட வேண்டாம். நம்மூரில் என்ன நடக்கிறது? ஆடியில் ஆரம்பிக்கக் கூடாதென்று காத்திருந்து, ஆவணியில் முகூர்த்தம் பார்த்துப் பூஜை போட்டு, தோண்டிய குழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது ஐப்பசி வந்துவிடுகிறது. அஸ்திவாரக் குழிக்கு வானம் என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. கீழே வானம் தோண்டும்போது மேலே இருப்பதையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளலாம். நாள் பார்ப்பதில் எனக்குச் சண்டை இல்லை. பஞ்சாங்கம் தை, மாசியிலும் முகூர்த்தம் தருகிறதே.

சமவெளியில் இருப்பவர்கள், எங்கள் மனை தட்டுபோல் இருக்கிறது, சரிவே இல்லை என்பார்கள். அந்த நாலாவது மனையும் தட்டுதான். ஆனால் குழியிலிருந்து வந்த மண்ணைத் தெருவோரம், சரியாக மழைநீர் வடிகாலின் வாயை ஒட்டிக் கொட்டியிருந்தார்கள். கொட்டிய மண் தன் போக்கில் நிற்கும் சரிவு 35 டிகிரி வரும். திருத்திய கணக்கில் 9 மடங்கு. குவியல் குள்ளமாக இருப்பதால் நீள எண் அதை இழுத்து மூன்று மடங்குக்குச் சற்றுக் கீழே கொண்டுவருகிறது. ஆனாலும் அழுத்தம் இல்லாத, ஆறடி ஆழத்து, உதிரி மண். சுற்றிலும் பச்சை வலை கட்டியிருந்தது. அது தூசிக்கு. சேற்றுக்குத் துணி கட்டுவதென்றால் அதன் கீழ்விளிம்பை அரையடி மண்ணுக்குள் புதைத்து மிதிக்க வேண்டும், தண்ணீர் அதன் பின்னால் தேங்கி நின்று மணலும் வண்டலும் உட்கார. புதைக்காத துணிக்குக் கீழே தண்ணீர் வரிசை கட்டிக்கொண்டு போகும்.

மூன்று நாள் கழித்து ஒரு ராத்திரி நல்ல மழை. காலையில் வடிகால் கம்பிமூடியின் மேல் களி வழுவழுவென்று பூசியிருந்தது, மிதித்த ஒரு பையனின் செருப்புத் தடத்தோடு. குவியலில் பென்சில் பருமன் ஓடைகள் பத்துப் பதினைந்து, எல்லாம் ஒரே திசையில். மேஸ்திரியிடம், இந்தக் குவியலை மனையின் உள்பக்கம் தள்ளிவைத்து ஒரு தார்ப்பாய் போர்த்தினால் என்ன என்று கேட்டேன்.

“தார்ப்பாய் இருக்கு சார்,” என்றார். “அது சிமெண்ட் மூட்டைக்கு.”